வேளச்சேரி – பரங்கிமலை பறக்கும் ரயில்: செலவும் காலிப் பெட்டிகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் பறக்கும் ரயில் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு வாக்கியங்கள் தப்பாமல் வரும். "அது காலியாத்தானே ஓடுது?" என்பது ஒன்று. "இன்னும் அந்த அஞ்சு கிலோமீட்டரை முடிக்கலையா?" என்பது இன்னொன்று. இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது என் கட்சி. நண்பர்களும் அக்கம்பக்கத்தவர்களும் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். 2025 இறுதி நிலவரத்தை வைத்து எழுதியது.

முதலில், எந்தப் பாதையைப் பற்றிப் பேசுகிறோம்?

சென்னை கடற்கரையிலிருந்து வேளச்சேரி வரை ஓடும் பறக்கும் ரயில் (எம்ஆர்டிஎஸ்) பாதையை அங்கிருந்து பரங்கிமலைக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சேர்க்கும் நீட்டிப்பு. நீளம் சுமார் 5 கிலோமீட்டர். உள்வட்டச் சாலையை ஒட்டித் தூண்கள் மேல் போகிறது. புழுதிவாக்கம், ஆதம்பாக்கம், பரங்கிமலை என்று மூன்று நிலையங்கள்.

பழைய பாதை தவணை முறையில் வந்தது. கடற்கரை – சேப்பாக்கம் 1995 நவம்பரில் திறந்தார்கள். திருமயிலை வரை 1997 அக்டோபர். அங்கிருந்து திருவான்மியூர் வரை 2004 ஜனவரி. வேளச்சேரியைத் தொட்டது 2007 நவம்பரில். அதாவது சுமார் 19 கிலோமீட்டரைத் திறந்து முடிக்கவே 12 ஆண்டுகள். அடுத்த 5 கிலோமீட்டருக்கு 2008-இல் வேலை தொடங்கியது. அது அந்தச் சாதனையையும் முறியடித்துவிட்டது.

மொத்தம் எவ்வளவு செலவு?

தொடக்க மதிப்பீடு சுமார் 495 கோடி ரூபாய். பிறகு அது 734 கோடியாக ஏறியது. கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், திருமயிலை – வேளச்சேரிப் பகுதி 10 கிலோமீட்டருக்கு மேல், அதற்கு ஆன செலவு 877 கோடி அளவில்.

495 எப்படி 734 ஆனது?

காலம்தான். 2008-இல் போட்ட மதிப்பீடு அன்றைய சிமென்ட் விலை, அன்றைய கம்பி விலை, அன்றைய கூலியை வைத்துப் போட்டது. வேலை நடுவில் நின்றால் ஒப்பந்தக்காரர் போய்விடுவார். மறுபடி டெண்டர் விட வேண்டும். புது விலை வரும். நிலத்தின் விலை இதையெல்லாம் விட வேகமாக ஏறும், அதுவும் வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கம் என்றால் கேட்கவே வேண்டாம். 2008-இல் அங்கே ஒரு கிரவுண்டு என்ன விலை போனது, இன்று என்ன விலை என்று அந்த ஏரியாவில் வீடு தேடியவர்களுக்குத் தெரியும்.

இதில் ஊழல் கதை எதுவும் சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை, தேவையும் இல்லை. வேலை 17 ஆண்டு இழுத்தது ஒன்றே இந்த விலை ஏற்றத்துக்குப் போதுமான காரணம்.

அந்த 500 மீட்டரில் அப்படி என்னதான் பிரச்சினை?

பாதையில் சுமார் 4.5 கிலோமீட்டர் பல ஆண்டுகளுக்கு முன்பே எழும்பிவிட்டது. ஆதம்பாக்கம், தில்லை கங்கா நகர் பக்கம் மீதி 500 மீட்டர் மட்டும் நின்றது. அங்கே பாதை தனியார் மனைகளையும் வீடுகளையும் தொட்டுப் போகிறது. உரிமையாளர்கள் இழப்பீடு போதாது என்றார்கள், விஷயம் நீதிமன்றம் ஏறியது.

நடுவில் சட்டமே மாறியது. பழைய நிலம் கையகப்படுத்தும் சட்டம் 1894-ஆம் ஆண்டுக்குரியது. அதற்குப் பதிலாக 2013-இல் புதுச் சட்டம் இயற்றப்பட்டு 2014 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி சந்தை மதிப்புக்கு மேல் இன்னொரு 100 சதவீதம் ஆறுதல் தொகையாகத் தர வேண்டும். எந்தச் சட்டப்படி இழப்பீடு என்பது சாதாரணக் கேள்வியில்லை. வீட்டைக் கொடுக்கப் போகிறவருக்கு அதுதான் எல்லாமே. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழைய கணக்கில் பணத்தை வாங்கிக்கொண்டு அதே ஏரியாவில் இன்னொரு மனை வாங்கவே முடியாது.

குறை சொல்ல வேண்டியது வரிசையை. நிலம் முழுதும் கைக்கு வருவதற்கு முன்பே இரண்டு பக்கமும் தூண் எழுப்பிக்கொண்டு வந்தார்கள். நடுவில் ஓர் ஓட்டை விழுந்தால் இரண்டு பக்கமும் கட்டியது அத்தனையும் சும்மா நிற்கும். அப்படியே நின்றது. உள்வட்டச் சாலையில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தால், அந்தரத்தில் முடிந்துபோன பாலமும், ஜன்னல் மாட்டாத நிலையமும் தெரியும். ஆண்டுக்கணக்காக அதே காட்சி.

நிலச் சிக்கல் ஒருவழியாகத் தீர்ந்து வேலை மறுபடி வேகம் பிடித்த பிறகு, 2024 ஜனவரியில் தில்லை கங்கா நகர் பக்கம் கட்டிக்கொண்டிருந்த பாலத்தின் ஒரு துண்டு சரிந்து விழுந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. 2025 முடியும் வரை பயணிகள் ரயில் ஓடவில்லை.

734 கோடி என்பது அதிகமா, குறைவா?

கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். மலிவுதான். கிலோமீட்டருக்கு சுமார் 147 கோடி வருகிறது. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021 பிப்ரவரியில் திறந்த மெட்ரோ நீட்டிப்பு 9 கிலோமீட்டர், 3,770 கோடி. கிலோமீட்டருக்கு 400 கோடிக்கு மேல். அதில் ஒரு பகுதி சுரங்கம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டருக்கு 63,246 கோடி. அதாவது கிலோமீட்டருக்கு 530 கோடியைத் தாண்டுகிறது. அதிலும் சுரங்கம் நிறைய. மெட்ரோவுக்கு ஏசி பெட்டி, பிளாட்பாரக் கதவு, புது சிக்னல் முறை எல்லாம் சேர்கிறது. பறக்கும் ரயில், புறநகர் ரயிலின் பழைய மின்சார ரயில்களையே மேலே ஏற்றி ஓட்டுகிறது.

ஆகவே "ஏன் இவ்வளவு செலவு?" என்று கேட்பதை விட, "செலவழித்த பணம் ஏன் இத்தனை ஆண்டு ஒரு ரூபாய்க்குக்கூட வேலை செய்யவில்லை?" என்று கேட்பதே சரி. 4.5 கிலோமீட்டர் கட்டி முடித்த பாதையில் ஒரு பயணிகூட ஏறவில்லை. போட்ட பணத்துக்கு வட்டி மட்டும் ஓடியது.

பணம் யாருடையது?

மூன்றில் இரண்டு பங்கு தமிழக அரசு, ஒரு பங்கு ரயில்வே. அதாவது 734-இல் ஏறக்குறைய 490 கோடி மாநிலத்தினுடையது. ஆனால் கட்டுவதும் ஓட்டுவதும் ரயில்வே. இந்த ஏற்பாட்டின் விளைவை நிலையங்களில் பார்க்கலாம். பணம் போட்டவர் ஒருவர், நடத்துபவர் இன்னொருவர். மேல்மாடி இடத்தை வாடகைக்கு விடுவது யார், விளக்குப் போடுவது யார், வாசலில் பேருந்தைக் கொண்டுவந்து நிறுத்துவது யார் என்பதெல்லாம் கடிதப் போக்குவரத்தாகவே போய்விடும்.

பறக்கும் ரயிலில் கூட்டமே இல்லை என்பது உண்மையா?

பாதி உண்மை. காலை எட்டரை மணிக்குத் திருவான்மியூரிலோ தரமணியிலோ இறங்கிப் பாருங்கள். படிக்கட்டில் கால் வைக்க இடம் இருக்காது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஒரே திசையில் ஒரு கூட்டம் இறங்கும். மதியம் இரண்டு மணிக்கு அதே ரயிலில் ஏறினால் பெட்டிக்கு நாலைந்து பேர், ஆளுக்கொரு ஜன்னல், ஒருவர் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருப்பார்.

எண்ணிக்கையில் சொன்னால், கொரோனாவுக்கு முன்பு நாளொன்றுக்கு ஒரு லட்சம் பேர் என்ற அளவில் பேசப்பட்டது. ஒன்றுமே இல்லை என்று தள்ளிவிடக்கூடிய எண் அல்ல அது. ஆனால் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, அடையாறு, வேளச்சேரி என்று நகரத்தின் நெரிசலான பகுதிகளைத் தொட்டுப் போகும் பாதைக்கு, தனிப்பாதையில் சிக்னல் தொல்லை இல்லாமல் ஓடும் ரயிலுக்கு, அது ரொம்பக் குறைவு. மெட்ரோவில் 2024-ஆம் ஆண்டு முழுவதும் பத்தரைக் கோடி பயணங்கள். சராசரியாக நாளுக்கு மூன்று லட்சத்தை நெருங்குகிறது. அதன் கட்டணமோ பல மடங்கு.

சரி, ஏன் கூட்டம் குறைவு?

ஒரு காரணத்தைச் சொல்லி முடித்துவிட முடியாது. ஆனால் எல்லாமே சமமான காரணங்களும் இல்லை.

முதல் காரணம் இடம். பாதையின் பெரும்பகுதியை பக்கிங்காம் கால்வாயை ஒட்டியும் அதன் மேலேயும் கட்டினார்கள். நிலம் வாங்கும் தலைவலி இல்லை, செலவு குறைவு. கால்வாய்க்குள்ளேயே தூண் நட்டதை அன்றே சுற்றுச்சூழல்காரர்கள் கண்டித்தார்கள், அது தனிக் கதை. பயணிக்கு இதன் விலை என்னவென்றால், நிலையங்கள் ஜனங்கள் நடமாடும் தெருவில் இல்லை, கால்வாய்க் கரையில் இருக்கின்றன. பெருங்குடி நிலையத்தில் இறங்கி ஓஎம்ஆரில் (பழைய மாமல்லபுரம் சாலை) இருக்கும் பெருங்குடிக்குப் போக இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். வேளச்சேரி நிலையத்துக்கும் விஜயநகர் பேருந்து நிலையத்துக்கும் நடுவே ஒரு கிலோமீட்டருக்கு மேல். பத்து நிமிட ரயில் பயணத்துக்கு இரண்டு முனையிலும் பதினைந்து பதினைந்து நிமிடம் நடக்க யாரும் தயாராக இல்லை, அதுவும் சித்திரை வெயிலில்.

இரண்டாவது, நிலையங்களின் லட்சணம். எதிர்காலத்தில் கடைகள், அலுவலகங்கள் வரும் என்று மண்டபம் மண்டபமாகக் கட்டினார்கள். திருமயிலை நிலையத்துக்குள் போனவர்களுக்கு அதன் பிரம்மாண்டம் தெரியும். ஆயிரம் பேர் உட்காரும் கல்யாண மண்டபத்தைக் காலியாகப் பூட்டி வைத்ததுபோல இருக்கும். கடைகள் பெரும்பாலும் வரவில்லை. வந்தவை புறாக்கள். கடை இருந்தால் வெளிச்சம் இருக்கும், வெளிச்சம் இருந்தால் ஆள் இருப்பார்கள், ஆள் இருந்தால் இரவு ஒன்பது மணிக்கு ஒரு பெண் தனியாக அந்தப் படிக்கட்டில் இறங்குவாள். இந்தச் சங்கிலியில் முதல் கண்ணியே அறுந்துவிட்டது. வேலை முடிந்து தாமதமாகத் திரும்பும் பெண்கள் பலர் காலையில் ரயிலில் போய், இரவு பேருந்திலோ கேபிலோ வருவதற்கு இதுதான் காரணம். ஒரு பயணி போக மட்டும் ரயிலையும் வர வேறு வண்டியையும் பிடித்தால், கொஞ்ச நாளில் போவதற்கும் வேறு வண்டிதான்.

மூன்றாவது, இடைவெளி. பீக் அவரில் பரவாயில்லை. மற்ற நேரத்தில் ஒரு ரயிலை விட்டால் அடுத்ததற்கு இருபது நிமிடம், அரைமணி என்று நிற்க வேண்டியிருக்கும். கூட்டம் இல்லை என்று ரயிலைக் குறைப்பார்கள், ரயில் குறைந்ததால் கூட்டம் இன்னும் குறையும்.

நான்காவதை நான் மிகப் பெரியது என்பேன். பாதை எங்கேயும் போய்ச் சேரவில்லை. வடக்கு முனையில் கடற்கரை, கோட்டை, பூங்கா நிலையங்களில் மற்ற ரயில்களோடு தொடர்பு உண்டு. தெற்கு முனையில் வேளச்சேரியில் முட்டுச்சந்து. நகரத்தின் தெற்கும் மேற்கும்தான் இந்த 25 ஆண்டுகளில் வளர்ந்தது. அந்தப் பக்கத்துக் கூட்டத்தை ஏற்றிக்கொள்ள வாசலே இல்லாத ரயில் இது.

பறக்கும் ரயில் கட்டணம் ஐந்து ரூபாய், பத்து ரூபாய்தானே? அப்படியும் ஏன் ஷேர் ஆட்டோவில் திணித்துக்கொண்டு போகிறார்கள்?

ஷேர் ஆட்டோ வீட்டு முனையில் நிற்கிறது, கை காட்டிய இடத்தில் இறக்கிவிடுகிறது, காத்திருக்க வேண்டியதில்லை. தினக்கூலிக்காரரிலிருந்து ஐடி ஊழியர் வரை எல்லோரும் முதலில் பார்ப்பது மொத்த நேரத்தை. கட்டணம் அதற்கு அப்புறம். ரயில் டிக்கெட் ஐந்து ரூபாயாக இருந்து, நிலையத்துக்குப் போக ஆட்டோ ஐம்பது ரூபாய் கேட்டால், அந்த ஐந்து ரூபாய்க்கு என்ன மதிப்பு?

பெண்களுக்கு இலவசப் பேருந்து வந்ததும் ஒரு காரணமா?

கொஞ்சம் இருக்கலாம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகிறவர்களுக்கு மாதத்துக்கு ஆயிரம் ரூபாய் அளவுக்கு மிச்சமாகிற விஷயம் அது. சீசன் டிக்கெட் எவ்வளவு மலிவானாலும் இலவசத்தோடு போட்டி போட முடியாது. ஆனால் பறக்கும் ரயிலின் பெட்டிகள் 1995-லேயே காலியாகத்தான் ஓடின. பழியை விடியல் பயணம் என்ற இந்த இலவசப் பேருந்துத் திட்டத்தின் மேல் போடுவது நியாயமில்லை.

நீட்டிப்பு வந்தால் என்ன மாறும்?

தாம்பரத்தில் வீடு, தரமணியில் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த நகரத்தில் மிகச் சாதாரணமான அமைப்பு. முழுக்க ரயிலில்தான் போவேன் என்று ஒருவர் அடம்பிடித்தால், இப்போது தாம்பரத்திலிருந்து பூங்கா நிலையம் வரை வடக்கே போய், அங்கே மாறி, மறுபடி தெற்கே தரமணிக்கு இறங்கி வர வேண்டும். நகரத்தையே ஒரு சுற்றுச் சுற்றுகிற கதை. யாரும் அப்படிப் போவதில்லை. பரங்கிமலையிலோ கிண்டியிலோ இறங்கி, வேளச்சேரி வழியாகப் போகும் பேருந்தில் தொங்கிக்கொண்டு போகிறார்கள். இல்லையென்றால் பைக்.

நீட்டிப்பு திறந்தால் அதே ஆள் பரங்கிமலையில் இறங்கி, மேலே ஏறி, வேளச்சேரி தாண்டி, பெருங்குடி தாண்டி, தரமணியில் இறங்கிவிடலாம். ஆலந்தூர், கோயம்பேடு பக்கத்திலிருந்து மெட்ரோவில் வருகிறவர்களுக்கும் அதே பரங்கிமலைதான் மாறும் இடம், ஏனென்றால் மெட்ரோ அங்கே 2016-லேயே வந்துவிட்டது. புறநகர் ரயில், மெட்ரோ, பறக்கும் ரயில் மூன்றும் ஒரே இடத்தில் கூடும். இந்த 5 கிலோமீட்டரின் மதிப்பு புழுதிவாக்கத்திலும் ஆதம்பாக்கத்திலும் ஏறப்போகிறவர்களை மட்டும் வைத்து அளக்கக் கூடாது. ஏற்கெனவே கட்டிய 19 கிலோமீட்டருக்கு இதுதான் தெற்கு வாசல்.

ஒரு பயணத்துக்கு எவ்வளவு செலவு விழும்?

மனக்கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வட்டியை விட்டுவிடுங்கள். 734 கோடியை 30 ஆண்டுக்குப் பிரித்துப் போடுவோம். நீட்டிப்பைத் தினமும் 10,000 பேர் மட்டும் பயன்படுத்தினால், ஒரு பயணத்துக்குக் கட்டுமானச் செலவு மட்டும் 67 ரூபாய். 30,000 பேர் என்றால் 22 ரூபாய். ஒரு லட்சம் பேர் என்றால் ஏழு ரூபாய்கூட இல்லை. வட்டியைச் சேர்த்தால் எல்லாம் இரண்டு மடங்குக்கு மேல் போகும். ஆனால் விகிதம் அதேதான்.

கூட்டத்தின் மேல் எவ்வளவு தொங்குகிறது என்பதைக் காட்டத்தான் இந்தக் கணக்கு. கட்டுமானச் செலவில் பத்து சதவீதம் மிச்சம் பிடிக்க ஆண்டுக்கணக்கில் கோப்பு சுற்றுகிறார்கள். நிலைய வாசலுக்கு நாலு மினி பஸ் விட்டு ஆளைக் கொண்டுவந்து சேர்த்தால் ஒரு பயணத்தின் செலவு பாதியாகும். அதற்கு ஆகும் பணம், இதன் பக்கத்தில் வைத்தால் சில்லறை.

டிக்கெட் விற்றுப் போட்ட பணத்தை எடுக்க முடியுமா?

முடியாது. ஒரு லட்சம் பேர், சராசரி ஐந்து ரூபாய் என்று வைத்தால் நாளுக்கு ஐந்து லட்சம், ஆண்டுக்கு 18 கோடி. 734 கோடிக்கு ஏழு சதவீத வட்டி மட்டும் 51 கோடி. மின்சாரம், ஊழியர் சம்பளம், பராமரிப்பு எல்லாம் அதற்கு மேல். ஆனால் எந்த மேம்பாலம் தன் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது? அதை யாரும் கேட்பதில்லை. ரயிலிடம் மட்டும் கல்லாப்பெட்டிக் கணக்குக் கேட்பது ஒரு பழக்கம். கேட்கட்டும், தவறில்லை. பாலத்திடமும் கேட்க வேண்டும்.

இடையில் கடற்கரை வரை ரயில் ஓடாமல் இருந்ததே, அது என்ன?

கடற்கரை – எழும்பூர் நாலாவது பாதைக்காக, 2023 ஆகஸ்ட் கடைசியில் பறக்கும் ரயிலை சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்று சொல்லிப் பதினான்கு மாதம் ஆனது. 2024 அக்டோபர் கடைசியில்தான் மறுபடி கடற்கரை வரை போனது. தெற்கே முட்டுச்சந்தாக இருந்த பாதை, அந்தக் காலத்தில் வடக்கேயும் முட்டுச்சந்தாகிவிட்டது. சென்ட்ரலுக்குப் போகிறவர்கள், பாரிமுனைக்குப் போகிறவர்கள் எல்லாம் பேருந்துக்கு மாறினார்கள். அப்படி மாறியவர்களில் ஒரு பகுதி திரும்பி வரமாட்டார்கள். பழக்கம் அப்படி.

இந்தப் பணத்துக்கு பேருந்தே விட்டிருக்கலாமே?

பல பாதைகளுக்கு இந்தக் கேள்வி சரியானது. இங்கே பொருந்தாது. கிண்டி – வேளச்சேரி சாலையில் மாலை ஆறு மணிக்கு எத்தனை பேருந்து விட்டாலும் அவையும் அதே நெரிசலில்தான் நிற்கும். சாலையை அகலப்படுத்த இடமில்லை. பேருந்துக்குத் தனித்தடம் என்பதை நம் ஊரில் யாரும் இதுவரை துணிந்து செய்யவில்லை. மேலே போகும் பாதை பெரும்பாலும் கட்டியும் ஆகிவிட்டது. பேருந்துக்கு இங்கே நிஜமான வேலை ஒன்று உண்டு: மடிப்பாக்கம், நங்கநல்லூர், உள்ளகரம் பக்கத்துத் தெருக்களிலிருந்து ஆட்களை நிலைய வாசலுக்குக் கொண்டுவருவது.

மெட்ரோ இரண்டாம் கட்டம் அதே பக்கமாக வருகிறதே? அப்புறம் இது எதற்கு?

நியாயமான கவலை. மாதவரம் – சிறுசேரி தடம் மயிலாப்பூர், அடையாறு, திருவான்மியூர், தரமணி வழியாக ஓஎம்ஆரில் இறங்குகிறது. மாதவரம் – சோழிங்கநல்லூர் தடம் பரங்கிமலை, ஆதம்பாக்கம், மடிப்பாக்கம் பக்கமாகப் போகிறது. சில இடங்களில் மெட்ரோவும் பறக்கும் ரயிலும் அருகருகே ஓடும், அங்கே பறக்கும் ரயில் ஆளை இழக்கும். ஆனால் பரங்கிமலையிலிருந்து வேளச்சேரி வழியாகத் தரமணிக்கு நேராகக் குறுக்கே போகும் வேலையை மெட்ரோவின் எந்தத் தடமும் செய்யவில்லை. அந்தக் குறுக்குவழி இதனுடையது மட்டும்தான்.

பழைய திட்டத்தில் இந்தப் பாதையைப் பரங்கிமலையிலிருந்து வில்லிவாக்கம் வரையும், அங்கிருந்து எண்ணூர் வரையும் வளைத்துக்கொண்டு போவதாக இருந்தது. மெட்ரோ வந்ததும் அது கைவிடப்பட்டது. அதில் வருத்தப்பட எதுவும் இல்லை.

மெட்ரோ நிறுவனம் இதை எடுத்துக்கொள்ளப் போகிறதாமே? நல்லதா?

பல ஆண்டுகளாகப் பேச்சு நடந்து, 2025-இல் ரயில்வே வாரியம் கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. நிலையங்கள் சுத்தமாகும், விளக்கு எரியும், எஸ்கலேட்டர் ஓடும், ரயில்கள் அடிக்கடி வரும் என்பது எதிர்பார்ப்பு. பணம் போடுபவரும் நடத்துபவரும் நெருங்கி வருவார்கள் என்பதும் ஒரு லாபம். அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 'சென்னை ஒன்' செயலியில் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்க முடிகிறது. இந்தப் பாதைக்கு அது ரொம்ப முக்கியம், ஏனென்றால் இங்கே யாரும் ஒரே வண்டியில் வீடு போய்ச் சேருவதில்லை.

பயம் கட்டணத்தில் இருக்கிறது. கடற்கரையிலிருந்து வேளச்சேரிக்கு இப்போது 10 ரூபாய். இதே தூரத்துக்கு மெட்ரோ கட்டணம் 40 ரூபாய். சீசன் டிக்கெட்டில் பூ விற்கவும், காய்கறிக் கூடையோடும் ஏறுகிறவர்கள் இந்த ரயிலில் உண்டு. அவர்களை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் ஏசி கேட்கிறவர்களை ஏற்றினால் கூட்டக் கணக்கு சரியாகிவிடலாம். அது பழைய பயணிகளின் செலவில் வரக் கூடாது. குறைந்தபட்சம் ஏசி இல்லாத பெட்டிகளிலாவது பழைய கட்டணம் தொடர வேண்டும் என்பது என் கருத்து.

நான் ஆதம்பாக்கத்தில் இருக்கிறேன், தினமும் தி. நகர் போகிறேன். எனக்கு இதனால் பிரயோசனம் உண்டா?

வீடு பரங்கிமலை நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் இருந்தால் ஒன்றுமில்லை. இப்போதுபோலவே புறநகர் ரயிலில் மாம்பலம் போய்விடுங்கள். உள்வட்டச் சாலையை ஒட்டி இருந்தால் ஆதம்பாக்கத்தில் ஏறி, அடுத்த நிலையமான பரங்கிமலையில் மாறலாம். அந்த ஒரு நிலையத்துக்காக ஏறி இறங்கும் படிகளைப் பார்த்தால், காத்திருக்கும் நேரம் பத்து நிமிடத்தைத் தாண்டாதபோதுதான் அது லாபம். மைலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் வேலை என்றால் யோசிக்கவே வேண்டாம், மாறாமல் ஒரே ரயில்.